கொள்முதல் மூட்டைகளில் எத்தனை சோதிப்பது?

சங்கத்தின் மூலம் விதைக்கடலை வாங்கும்பொழுது எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துப் பார்த்தல் இயலாது. ஆகையால் பத்துக்கு ஒன்று வீதம் குத்தூசியிட்டுப் பார்ப்பதே போதுமென்று பலர் எண்ணுவர். சிறு கொள்முதலில் இது அங்கத்தினர்களைக் காப்பதில்லை.

50 மூட்டைகளில் 5 கெட்டவை எனக் கொள்வோம். அவற்றுள் 5 மூட்டைகளை மாத்திரம் சோதித்தால், கெட்டது ஒன்றேனும் அகப்படாமற் போவதற்கு நூற்றுக்கு 58 பங்கு இடமுண்டு. 500 மூட்டைகளில் 50 கெட்டவையாயின், 50 மூட்டைகளைச் சோதிக்கையில் அவ்வாறு தப்புதல் நூற்றுக்கு ஒன்றும் இராது. வீதம் ஒன்றே, காவலோ வேறு.

எனவே கவனிக்க வேண்டியது சோதிக்கும் மூட்டைகளின் தொகையே. பத்தில் ஒரு பங்கு கெட்டுள்ள சரக்கு தப்பிச் செல்லும் இடத்தை நூற்றுக்கு 5க்குள் அடக்க, 50 மூட்டைகளுள் 22ஐயும், 500 மூட்டைகளுள் 28ஐயும் சோதித்தல் வேண்டும். சரக்கு பத்து மடங்காயினும் சோதனை ஆறு மூட்டையே மிகுகின்றது. கெட்ட மூட்டை ஒன்று காணினும் சரக்கை மறுப்பதென்னும் நிபந்தனையின்மேல் எழுந்தது இக்கணக்கு. அந்நிபந்தனையை விற்பவரிடம் முன்னரே பேசிக்கொள்ளுதல் நலம். நூற்றுக்கு 5 மூட்டையே கெட்டிருப்பினும் பிடிபட வேண்டுமாயின், பெருஞ்சரக்கில் ஏறக்குறைய 60 மூட்டைகளைச் சோதித்தல் வேண்டும்.

சோதிக்கும் மூட்டைகளை விற்பவர் காட்டலாகாது, கைக்கெட்டியவற்றையும் எடுக்கலாகாது. மூட்டைகளுக்கு எண்ணிட்டு, சீட்டுக் குலுக்கி, அடியடுக்கில் இருப்பினும் சீட்டில் வந்ததையே இறக்கிப் பார்த்தல் வேண்டும். இம்முறை தவறின் மேற்கண்ட கணக்கு பயன்படாது.

விதையின் குற்றம் விதைத்த பின்னரே தெரியவருமாயின், ஒரு பருவமே வீணாகும். அரைநாட் சோதனை அதனினும் மலிவு.