எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. ஊரே உறங்கும் நள்ளிரவு தாண்டியதும் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படுவார்கள். விடிந்ததும் முத்துப்பாரில் மூழ்குவார்கள். பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவார்கள். இன்று அந்த ஊரின் துறைமுகத்தில் இரவு ஷிப்ட்!

சரி, எவ்வளவு தூக்கம் போதும்? பிறந்த குழந்தைக்கு 14 முதல் 17 மணி நேரம். பெரியவர்களுக்கு 7 முதல் 9. அண்ணனுக்கு 7 போதும், தம்பிக்கு 9 வேண்டியிருக்கும். அது சோம்பல் அல்ல, உடல்வாகு! ஐந்தாறு மணித் தூக்கத்திலேயே தெம்பாக இருப்பவர்கள் பிறவியிலேயே அப்படி அமைந்த வெகு சிலர்தான்.

பகலில் உங்களுக்குக் கண் செருகுகிறதா? தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். கிரேன் ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால் ஓர் உயிரே போகலாம். ஆகவே, இரவு வேலை முடித்து வந்தவரைப் பகலில் தட்டி எழுப்பாதீர்கள்!