சாலை யாருக்கு? – 9: மேலே பாலம், கீழே பேருந்து

கோவை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது எழுந்த சத்தம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. 2017-ம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சி எல்லைக்குள் 16 லட்சம்கூட இல்லை என்பது டெல்லி சொன்ன காரணங்களில் ஒன்று. அப்படியானால் ஆக்ராவுக்கு எப்படிக் கொடுத்தீர்கள், போபாலுக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று இங்கிருந்து கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாநகராட்சி எல்லையோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள நகர்ப்பகுதியையும் சேர்த்து எண்ணினால், அதே 2011-ல் கோவை 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்து இன்றைய ஊரை அளப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

ஆனால் இந்த வழக்கில் நாம் ஜெயித்தாலும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் 2009-ல் மெட்ரோ வேலை தொடங்கியது. முதல் ரயில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடியது 2015 ஜூன் மாதக் கடைசியில். தலைநகரத்துக்கே ஆறு வருடம். கோவைக்கு நாளையே அனுமதி வந்தாலும், இன்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற காலத்தில்தான் அதில் ஏற முடியும். அதுவரை அந்தப் பிள்ளை எதில் போகும்? டவுன் பஸ்ஸில் போகும். இல்லாவிட்டால் கடன் வாங்கி ஒரு பைக். எனக்கு மெட்ரோ மீது எந்தப் பகையும் இல்லை. மெட்ரோவைக் காரணம் காட்டிப் பேருந்தை மறந்துவிட்டதன் மீதுதான் கோபம்.

அவினாசி சாலைக்கு வருவோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், நான்கு வழி மேம்பாலம். 2025 அக்டோபர் 9-ம் தேதி முதலமைச்சர் திறந்து வைத்தார். செலவு 1,791 கோடி ரூபாய். ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான பெயர்தான், பேருந்து முதலாளியாகத் தொழிலைத் தொடங்கிய மனிதர் அவர். அந்தப் பெயர் தாங்கிய பாலத்தின் மீது ஒரு பேருந்து நிறுத்தமும் இல்லை என்பதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! விமான நிலையத்துக்குப் போகிற கார் மேலே பறக்கிறது. பீளமேட்டிலும் ஹோப் காலேஜிலும் இறங்க வேண்டிய மாணவி, நர்ஸ், ஜவுளிக்கடைப் பெண் எல்லோரும் கீழேதான். அவர்களை ஏற்றி இறக்குகிற பேருந்தும் கீழேதான் போயாக வேண்டும்.

பாலத்தைக் கட்டியாயிற்று. இனி அதைத் திட்டிப் பயனில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. இத்தனை கோடி செலவழித்து நெடுந்தூரம் போகும் வண்டிகளை மேலே ஏற்றிவிட்டோம் அல்லவா? அப்படியானால் கீழே இடம் கிடைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்குங்கள். நாள் முழுக்க வேண்டாம். காலை எட்டு முதல் பத்தரை வரை, மாலை ஐந்து முதல் எட்டு வரை. பெயின்ட், பலகை, கேமரா, நாலு போலீஸ்காரர்கள். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. விட்டுவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் அந்த இடமும் கார்களால் நிரம்பிவிடும். உலகத்தில் எந்த ஊரிலும் காலியான சாலை காலியாகவே இருந்ததில்லை.

பேருந்துக்கு வேகம் எதற்கு, நிதானமாகப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர்களிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவார்கள். ஒரு தடத்தில் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது, பன்னிரண்டு பேருந்துகள் ஓடுகின்றன என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும். நெரிசலில் மாட்டாமல் அதே தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால், அதே பன்னிரண்டு பேருந்துகள் ஏழரை நிமிடத்துக்கு ஒன்றாக வரும். புதிதாக ஒரு பேருந்து வாங்கவில்லை. ஓர் ஓட்டுநரைக் கூடுதலாக எடுக்கவில்லை. அதே ஷிப்ட். ஆறு சிங்கிள், அதாவது ஆறு ஒருவழி நடை, அடித்த வண்டி எட்டு சிங்கிள் அடிக்கும். பேருந்து மெதுவாகப் போகிற ஊரில் போக்குவரத்துக் கழகத்தின் பணம் சிக்னலிலும் யூ-டர்னிலும் புகையாகப் போகிறது என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை.

யூ-டர்ன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோவையில் சில வருடங்களாகப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு, வண்டிகளை இடதுபக்கம் விட்டுத் தள்ளிப்போய்த் திரும்ப வைக்கிறார்கள். கார்காரர்களுக்கு மகிழ்ச்சி. பன்னிரண்டு மீட்டர் நீளப் பேருந்து மூன்று தடங்களையும் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டியிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் எதிர்ப்பக்கம் போகச் சிக்னலும் இல்லை. சாலையை அளந்தவர்கள் வண்டிகளை எண்ணினார்கள், ஆட்களை எண்ணவில்லை. வண்டிகளைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. கொள்கை கோப்பில் இருக்கிறது.

இனி பணம். அரசுப் போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறது என்ற செய்தி வராத வருடம் இல்லை. அவினாசி சாலை மேம்பாலம் லாபத்தில் ஓடுகிறதா என்று யாராவது கேட்டதுண்டா? அது சாலை, பொதுச்சேவை. பேருந்து மட்டும் கல்லாப்பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அன்று டீசல் லிட்டர் 70 ரூபாய்க்கும் கீழே, இன்று 90-க்கு மேலே. கட்டணத்தை ஏற்ற வேண்டாம் என்பது அரசின் முடிவு, நல்ல முடிவும்கூட. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போகிற பெண்ணுக்கு அது சிலிண்டர் காசு. ஆனால் அந்த முடிவுகளின் முழு விலையையும் கஜானா கொடுக்காமல், பாதியைத் தொழிலாளி தலையில் இறக்கிவைத்தால் என்ன நடக்கும்? ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி பாக்கியைக் கேட்டு 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்தது. உதிரிபாகம் தள்ளிப்போகிறது. ஆள் எடுப்பது தள்ளிப்போகிறது. ஓட்டுநர் இல்லாமல் வண்டி டெப்போவிலேயே நிற்கிறது. பயணிக்கு அது ‘இன்னிக்கு அந்த வண்டி வரல’ என்ற ஒற்றை வரியாக வந்து சேர்கிறது.

புதுப் பேருந்து வாங்குவதில் நம் அரசுகளுக்கு இருக்கிற உற்சாகம் வாங்கியதை ஓட்டுவதில் இருப்பதில்லை. கொடியசைக்க ஒரு நாள் போதும். ஒரு பேருந்தை இரண்டு ஷிப்ட் ஓட்ட வருடம் முழுக்க இரண்டு ஓட்டுநர், இரண்டு நடத்துநர், விடுப்புக்கு மாற்று ஆள், மெக்கானிக் எல்லாம் வேண்டும். ஆகவே கடனை அடைக்கவும் நட்டத்தை ஈடுகட்டவும் அவ்வப்போது பணம் தருவதைவிட, இந்தத் தடத்தில் இத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு ரூபாய் என்று பேசி, அதை பட்ஜெட்டில் எழுதிக் கொடுப்பதே சரி. சென்னையில் 2025 ஜூனில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் பணம் போகிறது. அங்கே ஓட்டுவது தனியார் நிறுவனம் என்பதால் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த அச்சத்தில் அர்த்தம் இருக்கிறது. கணக்கு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டும் பொறுப்பை நம் கழகத்திடமே விடலாம். கோவையில் இன்னொரு வசதியும் உண்டு. சென்னையில் இல்லாத தனியார் டவுன் பஸ்கள் இங்கே இருக்கின்றன. இன்று அவற்றுக்குக் கலெக்‌ஷன்தான் எல்லாம். கலெக்‌ஷனை வைத்துத்தான் பேட்டா. அதனால்தான் முன்னால் போகிற வண்டியை முந்துவதும், நிறுத்தத்தில் நின்று ஆள் பிடிப்பதும், டைமிங் சண்டையும். அவர்களுக்கும் கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்து ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தால், பெண்கள் அந்தப் பேருந்திலும் டிக்கெட் இல்லாமல் ஏறலாம்.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு 1873-லேயே தண்டவாளம் வந்துவிட்டது. வரைபடத்தில் கோவை ஜங்ஷனில் விரலை வைத்து வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர் என்று நகர்த்தி, அங்கிருந்து போத்தனூருக்கு இறங்கி மறுபடி ஜங்ஷனுக்கு வாருங்கள். நகரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம்! நிலம் எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். இந்த வட்டத்தில் உள்ளூர் ரயில் விடுங்கள் என்று இங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். விரைவு ரயில்களுக்கு நடுவில் இடம் கண்டுபிடிப்பது சுலபமல்ல என்பது புரிகிறது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று தொடங்கலாமே.

பேருந்துக்குத் தனித் தடம் என்பது இந்தியாவில் தோற்றுப்போன யோசனை என்று டெல்லியைக் காட்டுவார்கள். 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு துண்டைப் போட்டு, கார்காரர்களின் கூச்சல் தாங்காமல் 2016-ல் பெயர்த்துவிட்டார்கள். நமக்கு ஏற்ற உதாரணம் டெல்லி அல்ல, கர்நாடகத்தின் ஹுப்ளி–தார்வாட். இரண்டும் நடுத்தர ஊர்கள். நடுவில் 22 கிலோமீட்டருக்குப் பேருந்துக்கென்றே வழி, நடைமேடைக்கு நேராகக் கதவு, நடுவில் நிற்காத விரைவு வண்டி தனி. ‘சிகரி’ என்று மான் பெயர் வைத்து 2018-ல் விட்டார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. மற்ற வண்டிக்காரர்களுக்குச் சாலை குறுகிவிட்டது என்கிறார்கள், வண்டிகள் பழசாகிவிட்டன என்கிறார்கள். இரண்டாவது குறைதான் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. தடம் போட்டால் போதாது, அதில் ஓடும் பேருந்தை வருடாவருடம் கவனிக்கப் பணம் வேண்டும்.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். வாசலில் வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்பார்கள். ஒரு கடை முன்னால் நான்கு கார்கள் நிற்கும். அதே நேரத்தில் அந்த இடத்தைக் கடக்கும் ஒரு பேருந்தில் அறுபது பேர் இருப்பார்கள். இந்தக் கணக்கை வார்த்தையில் சொன்னால் எடுபடாது. ஒரு மூன்று மாதம் ஓட்டிக் காட்டினால் எடுபடும்.

இந்தத் தொடரைப் படிக்கும் கோவை வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ எதிரில் வந்தால், புதுப் பாலம் எப்போது என்று கேட்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு எங்கள் நிறுத்தத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

(தொடரும்)