இலவச ரெசிபிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? உணவு ஊடகங்களில் விளம்பரம் விற்கும் வேலை எப்படி இருக்கும்?

பிரியாணிக்கு எத்தனை கப் தண்ணீர் என்று சந்தேகம் வந்தால் உடனே மொபைலில் ஒரு வீடியோ பார்க்கிறோம். நமக்குப் பைசா செலவில்லை. ஆனால், அந்த வீடியோவுக்கு மளிகை, கேமரா, எடிட்டிங், சம்பளம் என ஏகப்பட்ட செலவு. அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது விளம்பரதாரர்கள்தான். அவர்களைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் டிஜிட்டல் உணவு ஊடகங்களின் ‘ஆட் சேல்ஸ்’ டீமின் வேலை.

அப்படி என்னத்தை விற்கிறார்கள்?

இரண்டு வகை சரக்கு உண்டு. முதலாவது, இடம். அதாவது இணையதள பேனர்கள், வீடியோவுக்கு நடுவே வரும் விளம்பரங்கள். இதில் பெரும்பகுதி ஆட்டோமேட்டிக் ஏலத்திலேயே விற்றுப்போகும். யூடியூபில் நீளமான வீடியோக்களில் ஓடும் விளம்பர வருவாயில் 55 சதவீதம் சேனலுக்கு வரும். இங்கே சேல்ஸ் ஆளுக்குப் பெரிய வேலை இல்லை.

இரண்டாவது, ஸ்பான்சர்டு கன்டென்ட். ஒரு மசாலா கம்பெனிக்காகவே ஒரு ரெசிபி, ஒரு மிக்ஸி கம்பெனிக்காக சட்னி சீரிஸ் என்று பேசி முடிப்பது. டீமின் திறமை தெரிவது இங்கேதான்.

பேனர் விலை ‘சி.பி.எம்.’ கணக்கில் பேசப்படும். ஒரு விளம்பரம் 1,000 முறை காட்டப்பட்டால் எவ்வளவு என்பதே அது. உதாரணத்துக்கு, சி.பி.எம். ரூ.200 என்றால், 5 லட்சம் முறை காட்ட ரூ.1 லட்சம். நடுவில் விளம்பர ஏஜென்சி இருந்து, வழக்கமான 15 சதவீத கமிஷனை எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது ரூ.85,000.

ஒரு டீல் எப்படி முடிகிறது?

ஏஜென்சியிடமிருந்து ‘பிரீஃப்’ வரும். அதற்கு ஐடியா, ரேட் எல்லாம் போட்டு அனுப்ப வேண்டும். பேரம் முடிந்ததும் ‘ரிலீஸ் ஆர்டர்’ வரும். அதுவரை வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பிறகு ஸ்கிரிப்ட் ஒப்புதல், ஷூட்டிங், வெளியீடு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ரிப்போர்ட். கடைசியாக பில். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. பணம் வர இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம். போன் போட்டு வசூலிப்பதும் பல இடங்களில் சேல்ஸ் ஆளின் தலையில்தான் விழும்.

சீசனும் முக்கியம். தீபாவளிக்கு நெய், எண்ணெய். கோடைக்கு ஐஸ்கிரீம், ஜூஸ். பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே பட்ஜெட் முடிவாகிவிடும். கடைசி நேரத்தில் போய் நின்றால் கதவு மூடியிருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது?

காலாண்டு முடிகிறது, டார்கெட் பாக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் கிளையன்ட் கேட்பார்: “விளம்பரம்னு பெருசா போடாதீங்க, நேச்சுரலா இருக்கட்டும்.” அல்லது, “சாப்பிட்டா சுகர் குறையும்னு ஒரு வரி சேர்த்துடுங்க.”

இரண்டுக்குமே விதிகள் குறுக்கே நிற்கின்றன. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ‘ஆஸ்கி’ 2021-ல் வெளியிட்ட இன்ஃப்ளூயன்சர் வழிகாட்டுதல்படி, காசு வாங்கினாலும் இலவசப் பொருள் வாங்கினாலும் அதைப் பளிச்சென்று சொல்லியாக வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. 2 நிமிடத்தைத் தாண்டும் வீடியோ என்றால், அந்த பிராண்டைக் குறிப்பிடும் பகுதி முழுக்க லேபிள் இருக்க வேண்டும்.

உணவு என்பதால் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று அனுமதியின்றி விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் தடை போடுகின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர், பரிந்துரைப்பவர் ஆகியோருக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம்; மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரை.

அபராதத்தை விடுங்கள். ‘இந்த சேனல்ல சொன்னா சரியா இருக்கும்’ என்று பார்ப்பவர் நம்புவதால்தான் பிராண்டு தேடி வருகிறது. அந்த நம்பிக்கை போனால் அடுத்த தீபாவளிக்கு விற்க எதுவும் இருக்காது. ஆகவே, கிளையன்ட்டிடம் ‘முடியாது’ என்று பக்குவமாகச் சொல்லத் தெரிவதும் இந்த வேலையின் திறமைதான்.

இன்டர்வியூவில் என்ன கேட்கலாம்?

இந்தத் துறைக்குப் போகிறீர்களா? சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். இன்சென்டிவ், பில் போட்டதும் கிடைக்குமா, பணம் வசூலான பிறகா? டார்கெட்டை யார், எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள்? ‘விளம்பரம்’ என்ற லேபிள் விஷயத்தில் கடைசி வார்த்தை யாருடையது, சேல்ஸ் மேனேஜரா, எடிட்டரா?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.