நாடு நாடாய்ச் சென்று ஆடிய ரிவால்டோ

பிரேசில் என்ற பெயர் நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. நாம் பால் வெட்டும் ரப்பர் மரத்தின் தாயகம் அதுதான். அங்குள்ள அமேசான் காட்டிலிருந்து 1876-ஆம் ஆண்டில் ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் முளைத்த கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அதன் பிறகே மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் தோன்றின. மரத்தை அனுப்பிய அந்த நாடு, காற்பந்து ஆட்டக்காரர்களையும் உலகமெங்கும் அனுப்பி வந்திருக்கிறது. அப்படிப் புறப்பட்டு, நான்கு கண்டங்களில், ஆறு நாடுகளில் பந்து விளையாடிப் பிழைத்த ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர் பெயர் ரிவால்டோ.

ரிவால்டோ 1972-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பெர்னம்புக்கோ மாநிலத்தில் பிறந்தார். அது பல நூறு ஆண்டுகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன பகுதி. மாநிலத் தலைநகரான ரெசிஃபியை அடுத்த பாவ்லிஸ்டா என்ற ஊரில், வறுமைப்பட்ட மக்கள் வாழும் பகுதியில் அவர் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோதே கடற்கரைக்குச் சென்று, அங்கு வருவோரிடம் சில்லறைப் பொருள்கள் விற்றுக் குடும்பத்துக்கு உதவினார்.

வறுமை அவருடைய உடம்பிலேயே அடையாளம் வைத்துவிட்டது. கால்கள் வளைந்திருந்தன; பற்கள் பல விழுந்துவிட்டன. இளமையில் போதிய சத்துணவு கிடைக்காததே இதற்குக் காரணம் என்று சொல்வார்கள். வளரும் பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கு வைட்டமின் டி வேண்டும். இவை குறைந்தால் எலும்பு உறுதிப்படாமல் மென்மையாகவே இருக்கும். பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கும்போது உடலின் பாரம் தாங்காமல் கால் எலும்பு வளைந்துவிடும். வளர்ந்த பிறகு எவ்வளவு நல்ல உணவு உண்டாலும், இழந்ததை முழுவதும் மீட்க முடியாது.

பதினாறு, பதினேழு வயதில் அவர் தம் ஊர்ப் பக்கத்துக் கழகங்களில் ஆடத் தொடங்கினார். நெட்டையான, ஒல்லியான உருவம். இந்த உடம்பு போட்டி ஆட்டத்துக்குத் தாங்காது என்று பயிற்றுநர்கள் எண்ணினார்கள். மகன் காற்பந்து ஆட்டக்காரனாக வரவேண்டும் என்று விரும்பியவர் அவருடைய தந்தை ரொமில்டோ. 1989-ஆம் ஆண்டில் அவர் சாலை விபத்தில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது பதினேழு வயது கூட நிறையவில்லை. துணை நின்றவர் போய்விட்டார், உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் ரிவால்டோ திடலை விட்டுப் போகவில்லை.

1991-இல் ரெசிஃபி நகரின் சாந்தா குரூஸ் கழகம், 1992-இல் சாவ் பாவ்லோ மாநிலத்தில் உள்ள மொஜி மிரிம் என்ற சிற்றூர்க் கழகம், 1993-இல் கொரிந்தியன்ஸ், 1994-இல் பல்மெய்ராஸ் என்று அவர் ஊர் ஊராகச் சென்றார். பல்மெய்ராஸ் அந்த 1994-ஆம் ஆண்டிலேயே தேசிய வெற்றியாளர் ஆயிற்று.

நேயர்களே, ஓர் ஆட்டக்காரர் ஒரு கழகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது எப்படி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவரை வாங்கும் கழகம் விற்கும் கழகத்துக்கு ஒரு தொகை கொடுக்கும். செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது அந்தத் தொகைதான். அது ஆட்டக்காரருடைய சம்பளம் அன்று. மேலும், அந்நாளில் பிரேசிலில் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் மீதான உரிமை கழகத்தின் கையிலேயே இருந்தது. கழகம் சம்மதித்தால்தான் அவர் வேறிடம் போகலாம். புகழ்பெற்ற பெலே விளையாட்டு அமைச்சராக இருந்து முயன்றதன் பயனாக, 1998-இல் நிறைவேறிய சட்டமே இந்தக் கட்டை அவிழ்த்தது. அந்தச் சட்டத்துக்குப் பெலே சட்டம் என்றே பெயர். ஆகவே, கைதட்டல் வாங்கும் ஆட்டக்காரரும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட தொழிலாளியே என்பதை நாம் மறக்கக் கூடாது.

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ரிவால்டோவுக்குப் பெரிய அடி விழுந்தது. அரையிறுதியில் பிரேசில், நைஜீரியாவை எதிர்த்து 3-1 என்று முன்னணியில் இருந்தது. இறுதியில் கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்றது. அவர் பந்தைப் பறிகொடுத்ததைச் சுட்டி, தோல்விப் பழியை நாட்டு மக்கள் பலர் அவர் தலையில் போட்டார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் சேர்க்கப்படவில்லை.

பழியைச் சுமந்துகொண்டே அவர் அந்த ஆண்டு கடல் கடந்து ஸ்பெயின் நாட்டின் டெப்போர்த்திவோ லா கொருன்யா கழகத்துக்குப் போனார். முதல் பருவத்திலேயே லீக் ஆட்டங்களில் 21 கோல்கள் போட்டார். உடனே பார்சலோனா கழகம் அவரை வாங்கியது. 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பார்சலோனா ஸ்பானிய லீக் வெற்றியாளராயிற்று. 1999-இல் தென் அமெரிக்கக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிரேசில் 3-0 என்று உருகுவேயை வென்றபோது, இரண்டு கோல்களை அவரே அடித்தார். அவ்வாண்டே ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதும், உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குக் கிடைத்தன. உடம்பு தாங்காது என்று ஒதுக்கப்பட்டவருக்குக் கிடைத்த பதில் அது.

ஆனால் விருது வாங்கிய கையோடு வேலை இடத்தில் தகராறும் வந்தது. பயிற்றுநர் லூயி வான் கால் அவரை இடது ஓரத்தில் ஆடச் சொன்னார். தமக்கு நடுவில் ஆடுவதே பொருத்தம் என்று ரிவால்டோ மறுத்தார். அதனால் குழுவிலிருந்து சில நாள் விலக்கி வைக்கப்பட்டார். உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்தாலும் மேலிடத்தோடு உரசல் வந்தால் வெளியே உட்காரத்தான் வேண்டும்.

அவருடைய ஆற்றலுக்கு ஓர் ஆட்டத்தைச் சான்றாகச் சொல்லலாம். 2001-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள். பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால்தான் பார்சலோனா நான்காம் இடம் பிடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்குப் போக வாய்ப்பு உண்டு. எதிர்க் குழுவோ வலிமை மிக்க வலென்சியா. ரிவால்டோ இரு முறை கோல் போட்டார். வலென்சியா இரு முறையும் சமன் செய்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. உயர வந்த பந்தை அவர் கோலுக்கு முதுகு காட்டி நின்றபடி மார்பில் வாங்கினார். அது கீழே விழுமுன் அந்தரத்தில் எகிறி, மல்லாந்தபடி இடது காலால் தலைக்கு மேலே உதைத்தார். பந்து வலைக்குள் போயிற்று. 3-2. அந்த உதையை அடித்தது வளைந்த கால்தான்.

2002-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்தது. பிரேசில் ஆடிய முதல் ஐந்து ஆட்டங்களிலும் ரிவால்டோ ஆட்டத்துக்கு ஒரு கோல் போட்டார். இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்று பிரேசில் கிண்ணத்தை எடுத்தது. இரண்டு கோல்களையும் ரொனால்டோ போட்டாலும், இரண்டிலும் ரிவால்டோவின் பங்கு உண்டு. முதலாவது, அவர் உதைத்த பந்து கோல் காவலரின் கையிலிருந்து நழுவியதால் வந்தது. இரண்டாவதில், தம்மிடம் வந்த பந்தைத் தொடாமலே தாண்ட விட்டு, பின்னால் நின்ற ரொனால்டோவுக்கு வழி செய்தார்.

நல்லதைச் சொல்லும்போது அல்லாததையும் சொல்ல வேண்டும். அதே போட்டியில் துருக்கியோடு நடந்த ஆட்டத்தின் இறுதியில், எதிர்க் குழு ஆட்டக்காரர் உதைத்த பந்து ரிவால்டோவின் தொடையில் பட்டது. அவரோ முகத்தைப் பிடித்துக்கொண்டு கீழே சாய்ந்தார். துருக்கி ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டார். பின்னர் படக்காட்சியைப் பார்த்து, ரிவால்டோவுக்கு 11,670 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தார்கள். திறமை மிக்கவர் செய்தாலும் ஏமாற்று ஏமாற்றுத்தான். நம் பிள்ளைகள் அவரிடம் கற்கக் கூடாதது அது.

உலகக் கிண்ணம் வென்ற அதே ஆண்டில், பழைய பயிற்றுநர் வான் கால் பார்சலோனாவுக்குத் திரும்பி வந்தார். ரிவால்டோ வெளியேறி இத்தாலியின் மிலான் கழகத்துக்குப் போனார். 2003-இல் மிலான் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்தில், அவர் மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார்ந்திருந்தார். களம் இறங்க வாய்ப்பே வரவில்லை. அடுத்து, பிரேசிலின் குருசெய்ரோ கழகத்தில் சில காலமே இருந்தார். இவருடைய ஆட்டம் முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஆனால் இன்னும் பதினோர் ஆண்டு பாக்கி இருந்தது. 2004-இல் கிரீஸ் நாட்டின் ஒலிம்பியாக்கோஸ் கழகத்தில் சேர்ந்தார். மூன்று பருவங்கள் ஆடினார். மூன்றிலும் அக்கழகமே லீக் வெற்றியாளர். பிறகு அதே நாட்டில் ஏ.இ.கே. கழகம். 2008-இல் பெரிய ஆட்டக்காரர் எவரும் எளிதில் எண்ணிப் பார்க்காத உஸ்பெகிஸ்தானுக்குப் போய், தாஷ்கண்ட் நகரின் புன்யோத்கோர் கழகத்தில் சேர்ந்தார். அங்கும் மூன்று ஆண்டுகள், மூன்று லீக் வெற்றிகள். 2011-இல் தம் நாட்டின் சாவ் பாவ்லோ கழகம். 2012-இல் ஆப்பிரிக்காவில், போர்த்துக்கீசிய மொழி பேசும் அங்கோலாவின் கபுஸ்கோர்ப் கழகம். பின்னர் மீண்டும் பிரேசில்.

ஒவ்வோர் இடத்திலும் புதிய மொழி, புதிய உணவு, புதிய குளிர், புதிய வெயில். நேற்று வரை வாங்கிய பரிசுகள் அங்கே செல்லாது. முதல் நாள் பயிற்சியில் தாம் யார் என்று மறுபடி காட்ட வேண்டும். உலகக் கிண்ணம் வென்றவன் நான், இந்தச் சிறிய இடத்துக்கு வரலாமா என்று அவர் எண்ணவில்லை. வேலை இருந்த இடத்துக்குப் போனார். போன இடத்தில் வேலையைச் செய்தார்.

கடைசியாக, இளமையில் தம்மை ஏற்றுக்கொண்ட அதே மொஜி மிரிம் சிற்றூருக்குத் திரும்பினார். அக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 2014-இல் ஓய்வு அறிவித்தவர், 2015-இல் மீண்டும் காலணி அணிந்தார். அவ்வாண்டு ஜூலை மாதம், பிரேசிலின் இரண்டாம் பிரிவு லீக்கில் மக்காயே குழுவை மொஜி மிரிம் 3-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் தந்தை ரிவால்டோவும் கோல் போட்டார். மகன் ரிவால்டின்யோவும் கோல் போட்டார். தந்தைக்கு வயது 43. தம் தந்தை காணக் கொடுத்து வைக்காத காட்சியை அவர் தம் மகனோடு கண்டார். அடுத்த மாதமே ஆட்டத்திலிருந்து விலகினார்.

நேயர்களே, இந்த வரலாற்றைக் கேட்டு, வறுமையில் வளர்ந்தால்தான் வைரம் பாய்ந்த மனிதர் ஆகலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ரிவால்டோ உயர்ந்தது பசியால் அன்று; பசியை மீறி. அவரோடு அதே தெருவில், அதே மணலில் பந்து உதைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயரை நாம் கேட்டதில்லை. ஒருவர் தப்பி வந்தார் என்பதால் வெள்ளம் நல்லது ஆகிவிடாது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பந்து விளையாடப் போகும்போது தடுக்காதீர்கள். ஆனால் வெறும் தேநீரோடு அனுப்பாதீர்கள். பால், முட்டை, நெத்திலி, முருங்கைக்கீரை, பருப்பு என்று கைக்கு எட்டியதைத் தவறாமல் கொடுங்கள். முதல் சில ஆண்டுகளில் கொடுக்கும் உணவே பிள்ளையின் எலும்பு. பள்ளிப் படிப்பையும் விட்டுவிட வேண்டாம். பந்தால் பிழைப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மெலிந்த பிள்ளையைப் பார்த்து, உன்னால் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டு ரிவால்டோ திடலை விட்டுப் போயிருந்தால், இன்று அவரைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றும் இருந்திருக்காது.