"இல்லை" என்று சொல்லும் ஒரு சோதனை



ஆய்வுக்கூடத்துக்கென நீங்கள் அனுப்பும் காணிக்கை எவ்விதம் பயன்படுகிறது என்று சிலர் அன்போடு கேட்டிருக்கிறீர்கள். ஒரு சோதனையைக் கொண்டு அதை விளக்க விரும்புகிறோம்.

காயம்பட்டால் இரத்தம் உறைவது தேவன் சரீரத்தில் வைத்த பாதுகாப்பு. ஆனால் காலின் இரத்தக்குழாய்க்குள்ளேயே அது உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை விளக்கினார். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்போர், புற்றுநோயாளிகள், பிரசவித்த தாய்மார் ஆகியோருக்கு இந்த அபாயம் அதிகம்.

கட்டி உண்டானதும் சரீரம் அதைக் கரைக்கத் தொடங்குகிறது. அப்போது இரத்தத்தில் கலக்கும் துணுக்குக்குப் பெயர் 'டி-டைமர்'. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் உள்ள குழாயில் இரத்தம் எடுத்து அதை அளக்கிறார்கள். பல கருவிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் என்பது எல்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எழுபது வயதானவருக்கு 700.

அளவு குறைவாயிருந்து, மருத்துவரின் பரிசோதனையிலும் சந்தேகம் குறைவாயிருந்தால், ஆபத்தான கட்டி இல்லை என்று பெரும்பாலும் நம்பி வீட்டுக்கு அனுப்பலாம். அளவு கூடுதலாயிருந்தால் கட்டி உண்டு என்று பொருளல்ல. கர்ப்பம், கிருமித்தொற்று, முதுமை, அறுவை சிகிச்சை ஆகியவையும் அதைக் கூட்டும். அப்போது ஸ்கேன் அவசியம். சந்தேகம் பலமாயிருந்தால் இச்சோதனைக்குக் காத்திராமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்புவதே முறை.

கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு இது சிறிய காரியமல்ல. சி.டி. ஸ்கேனுக்காகக் கடன் வாங்கி நகரத்துக்குப் போகும் அலைச்சலை ஒரு குழாய் இரத்தம் தவிர்க்கக்கூடும். இரத்தத்தை இளக்கும் மருந்து தேவையற்றவருக்குக் கொடுக்கப்பட்டு, இரத்தக்கசிவு உண்டாகும் ஆபத்தும் நீங்கும். படுக்கையருகே ஜெபிக்கப் போகும் நாங்கள், அந்த "இல்லை" என்ற பதிலுக்காக உறவினர் எவ்வளவு ஏக்கத்தோடு காத்திருக்கிறார்கள் என்பதைக் காண்கிறோம். "உண்டு" என்ற பதில் வந்தாலும், காலத்தோடு சிகிச்சை தொடங்க வழி பிறக்கிறது.

இச்சோதனைக்கான ரசாயனப் பொருட்கள் குளிரில் வைக்கப்படவேண்டியவை. காலாவதியாகுமுன் மீண்டும் வாங்கவேண்டியவை. உங்கள் காணிக்கை அங்கேதான் செல்கிறது. ஆய்வுக்கூட ஊழியர்களையும் இரவில் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.