ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கோல்ஃப்!

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதை அப்படியே படுக்க வைத்தால் (ரங்கநாதர் மன்னிக்கணும்!) சுமார் 79 கஜம் வரும். கோல்ஃபில் கை தேர்ந்தவர் ஓங்கி ஒரு அடி அடித்தால், பந்து அந்த மாதிரி மூன்று கோபுரத்தைத் தாண்டிப் போய் விழும். அது போய்ச் சேர வேண்டிய குழியின் அகலமோ நாலேகால் அங்குலம். கிட்டத்தட்ட நம்ம காபி டபரா சைஸ்!

'வேலை வெட்டி இல்லாதவன் கண்டுபிடிச்ச ஆட்டம்டா இது' என்பது என் அப்பாவின் அபிப்பிராயம். அப்பாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் கோல்ஃப் ஆடுவது ஹெட் போஸ்ட் ஆபீஸ் ஸ்டாப்பில் ஏறி, ஸ்ரீரங்கத்தில் இறங்குகிற வரைக்கும்தான். மைதானம்... உள்ளங்கை! சிங்கப்பூரிலிருந்து அத்தை பையன் கோடாலித் தைலத்தோடு கொண்டுவந்து கொடுத்த பழைய பி.எஸ்.பி. சோனி கம்பெனி இந்தக் கையடக்க வீடியோ கேமை ஜப்பானில் 2004 டிசம்பரில் விற்பனைக்கு விட்டபோது, முதல் நாளே கூட வந்த ஆட்டங்களில் ஒன்று 'எவ்ரிபடீஸ் கோல்ஃப்'. அமெரிக்காவில் இதுக்கே 'ஹாட் ஷாட்ஸ் கோல்ஃப்' என்று பெயர்.

கோல்ஃப் என்றதும் கிளப், கோட்டு, கனவான்கள் என்று பயந்துவிட வேண்டாம். இதில் வருகிறவர்கள் எல்லோரும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி பெரிய தலை, குட்டி உடம்பு. குழியில் விழுந்தால் குதிக்கிறார்கள். தவறினால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள். இன்க்ரிமென்ட் தேதியில் எங்கள் செக்‌ஷனைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

ஆடுவதற்கு ஒரே பட்டன். மூன்று தட்டு. முதல் தட்டில் கீழே உள்ள பட்டையில் ஒரு கோடு ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு பலம் வேண்டுமோ அந்த இடத்தில் இரண்டாவது தட்டு. கோடு திரும்பி வரும்போது, சரியான புள்ளியில் மூன்றாவது தட்டு. முந்தினாலும் பிந்தினாலும் பந்து கோணிக்கொண்டு போகும். காற்று எந்தப் பக்கம், மேடா பள்ளமா, புல்லா மணலா... எல்லாவற்றையும் நாம்தான் கணக்குப் பண்ண வேண்டும்.

இந்த மூன்று தட்டு சமாசாரம் சோனி கண்டுபிடித்ததில்லை. 1984-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'கோல்ஃப்' ஆட்டத்திலேயே இருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவர் சடோரு இவாட்டா. அப்போது அவருக்கு வயது 24. 2002-ல் அதே நின்டெண்டோவுக்குத் தலைவராகிவிட்டார்! புரோமோஷன் லிஸ்ட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நண்பர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

பஸ்ஸுக்கு இதைப் போல ஒத்துப்போகிற ஆட்டம் வேறு கிடையாது. கிரிக்கெட் கேம் என்றால் பௌலர் நமக்காகக் காத்திருக்க மாட்டான். கோல்ஃபில் பந்து பாட்டுக்குச் சும்மா கிடக்கும். சத்திரத்தில் கூட்டம் ஏறி நசுக்கினால் பவர் சுவிட்சைத் தள்ளிவிட்டால் போதும், அப்படியே தூங்கிவிடும். காவிரிப் பாலத்தில் எழுப்பி, மாம்பழச் சாலைக்குள் ஒரு குழியை முடித்துவிடலாம். 2022 செப்டம்பரில் பாலத்தை ரிப்பேருக்காக மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஊரே திட்டிக்கொண்டு சுற்றிப் போன அந்த மாதங்களில் நான் மட்டும் கூடுதலாக நாலு குழி ஆடினேன்.

நிஜ மைதானத்தை நான் பார்த்தது கொடைக்கானலில், டூரிஸ்ட் வேன் ஜன்னல் வழியாக. அங்கே 1895-லிருந்து கிளப் இருக்கிறது. கல்கத்தாவில் 1829-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் மூத்த கிளப். அந்தக் கல்கத்தா கிளப்பில் புல்லைப் பராமரித்தவரின் பிள்ளைதான் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அப்பா வெட்டின புல்லில் ஆடக் கற்றுக்கொண்டு, 2016, 2017 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து இந்தியன் ஓபனை ஜெயித்தார். நம்மில் பலருக்கு கோல்ஃப் புரிந்ததே 2021 ஆகஸ்ட் 7 காலையில்தான். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலத்தை விட்டு நாலாவதாக வந்தாரே, அன்றைக்கு. டீக்கடையில்கூட 'பர்டி', 'போகி' என்று பேசிக்கொண்டார்கள். போகிக்கும் பொங்கலுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சரி, அப்பா.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டர். தலைமுடி கனம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கை. அந்தக் கைக்கு இப்போது நடுக்கம். ஒரு பாங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள். அதிலிருந்து வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். பிறத்தியார் வீட்டில் காபி சாப்பிடுவதில்லை. தளும்பிவிடுமாம்.

ஒரு நாள் ராத்திரி, "என்னடா அது டொக்கு டொக்குன்னு? இங்க குடு" என்றார்.

மூன்றாவது தட்டு ஒவ்வொரு தடவையும் லேட். பந்து ஒவ்வொரு தடவையும் மரத்துக்குள். பத்து அடி ஆனதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"கவனிச்சியா? லேட்டுதான். ஆனா தினுசு தினுசா லேட் இல்ல, ஒரே அளவு லேட். மெஷின் ஒரே பக்கமா இழுத்தா மெஷினையா தூக்கிப் போடுவோம்? செட்டிங்கை மாத்துவோம்."

குறியை எதிர்ப்பக்கம் திருப்பினார். நேராக மரங்களைப் பார்த்து! "அப்பா, அந்தப் பக்கம் காடுப்பா..." என்று நான் கத்த, பந்து வளைந்து வந்து புல்வெளி நடுவில் சமர்த்தாக உட்கார்ந்தது.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சாமானுக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்திகூட இல்லை. போன வாரம் எதிர்வீட்டு மாமி காபி கொண்டுவந்தபோது, "பாதி டம்ளர் போறும்மா" என்று அவராகவே கேட்டு வாங்கிக் குடித்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

இப்போதைய தலைவலி பேட்டரி. பழசு உப்பிவிட்டது. 2014-லேயே பி.எஸ்.பி. விற்பனையை மூட்டை கட்டிவிட்டார்கள். சிங்காரத்தோப்பில் ஏறாத கடையில்லை. "சார், ஒரு நல்ல போனா வாங்கிக்குங்களேன்" என்கிறார்கள். அத்தை பையனுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை தைலம் வேண்டாம், பேட்டரி கொண்டு வா என்று. அதுவரை சார்ஜர் ஒயரைச் சொருகிக்கொண்டு, கூடத்தில் பிளக் பாயின்ட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று கரன்ட் போனபோது பதினாலாவது குழியில், பாருக்கு இரண்டு அடி குறைவாக ஆடிக்கொண்டிருந்தாராம். அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் காகிதம் நீட்டினார். கடைசியில் கையெழுத்து போட்டதும் அவரேதான்.