அழாத குழந்தையும் அந்நிய வாயுவும்

பனவடலிசத்திரம் போன்ற சங்கரன்கோவில் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பேறுகாலத்துக்குப் பெண்ணை அழைத்துச் சென்ற குடும்பத்தார், பிரசவ அறைக்கு வெளியே எதற்காகச் செவிசாய்த்து நிற்கிறார்கள் என்பதை வாசகர் அறிவர். குழந்தையின் அழுகுரலுக்காகத்தான். குழந்தை அழவில்லையெனில், அதன் மூளைக்குப் பிராணவாயு போதாமல் போயிருக்கலாம். சில நிமிடக் குறைபாடே வாழ்நாள் ஊனமாகிவிடுவதுண்டு. அந்த மூளையைக் காக்க ஒரு வாயு உதவுமா என மருத்துவ உலகம் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

அதன் பெயர் செனான். 1898-இல் இலண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் கண்டறிந்து, 'அந்நியன்' எனும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் பெயரிட்டனர். (சத்திரத்து ஊருக்கு அந்நியர் வரவு புதிதன்று!) இந்த டிராவர்ஸ்தான் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநரானவர். காற்றில் ஒரு கோடிப் பங்குக்கு ஒரு பங்குகூடச் செனான் தேறாது. ஆகவே விலையும் கொள்ளை விலை.

1951-இல் அமெரிக்காவின் கல்லனும் கிராஸும் இதனை மனிதருக்கு மயக்க மருந்தாகக் கொடுத்தனர். இரத்த அழுத்தம் பெரிதும் தாழ்வதில்லை. வாயுவை நிறுத்தியதும் நோயாளி விரைவில் கண் விழிக்கிறார். 1998-இல் இலண்டன் ஆய்வாளர்கள் காரணத்தின் ஒரு பகுதியைக் கண்டனர். பிராணவாயு குன்றிய மூளையில் குளூட்டமேட் என்னும் பொருள் பெருகி அணுக்களை மிகையாகத் தூண்டி அழிக்கிறது. அது தூண்டித் திறக்கும் வாயில்களுள் ஒன்றைச் செனான் அடைக்கிறது.

மூச்சுத் திணறிப் பிறந்த சிசுவின் உடலை 72 மணி நேரம் 33.5 டிகிரியில் குளிர்வித்து வைப்பது செல்வ நாடுகளின் வழக்கமான சிகிச்சை. 2010-இல் பிரிஸ்டல் நகரில் அதனுடன் செனானும் முதன்முறையாக ஒரு சிசுவுக்கு அளிக்கப்பட்டது. நம்பிக்கை பெருகிற்று. ஆனால் 92 சிசுக்களிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு, கூடுதல் பயன் தென்படவில்லை என 2016-இல் அறிவித்தது.

நம் நாட்டு அனுபவம் இதனினும் கசப்பானது. சென்னை அரசு மருத்துவமனைகளும் பங்கேற்ற, இந்தியா, இலங்கை, வங்கதேச ஆய்வில் 408 சிசுக்கள் சேர்க்கப்பட்டனர். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, குளிர்விக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினர் இறந்தனர், குளிர்விக்கப்படாதோரில் 31. ஒரு நாட்டில் காத்த முறை மற்றொரு நாட்டில் கேடாயிற்று. குளிரே இங்கு கைகொடுக்காதபோது, அதன்மேல் விலையுயர்ந்த வாயுவைப் பற்றிப் பேசுவது எட்டாக்கனியே என்பது என் கருத்து.

அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே வேண்டியது சாதாரணக் காற்று. முகமூடி பொருத்திய சிறு பையை அழுத்தி அதனைச் செலுத்தப் பழகிய செவிலியர் பிரசவ அறையில் இருக்கிறாரா என்று, பேறுகாலத்துக்கு முன்பே குடும்பத்தார் விசாரித்துக்கொள்ளலாம்.